மிளகாய்க் கொட்டகையில் கிடந்த கார்

அந்தக் காரை நான் வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசிவரை "வாங்கினானா, ஓட்டினானா" என்று காத்திருந்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். இப்போதெல்லாம் பழைய காரை வாங்கிப் புதுப்பித்து வாசலில் நிறுத்தி, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது என்னிடம் பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பேச்சு ஆகாது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ராமநாதபுரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். சொந்த ஊர் பாம்பன். அய்யா மீன்பிடிக்கிறவர். நான் கடலுக்குப் போன மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து, கரையே கூடிச் சிரித்து, கடைசியில் ரயிலேறி ஓடிவந்து ஸ்பானர் பிடித்தவன். கடலுக்கு ஆகாத பிள்ளைக்கு எங்கள் கரையில் என்ன மரியாதை என்று நான் சொல்லத் தேவையில்லை. அய்யா மட்டும் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அய்யாவிடம் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மீன் விற்ற காசைப் பங்கு போடுவார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அதற்கப்புறம் கூடப் போன ஆளுக்கு ஒரு பங்கு. சொந்த வள்ளம் இருக்கிறவன் கோயில் வாசலில் நின்று பேசினால் நாலு பேர் கேட்பார்கள். வெறும் ஆள் பங்குக்குப் போகிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அய்யாவின் வள்ளம் பழசு, இரண்டு பலகை மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் அது இருந்ததால்தான் அவர் பேச்சு கரையில் எடுபட்டது.

கார் கதைக்கு வருகிறேன். முதுகுளத்தூர் லைனில் போன எங்கள் பஸ் ஒன்று அச்சு முறிந்து நடுவழியில் நின்றுவிட்டது. சரிபண்ண என்னை அனுப்பினார்கள். பஸ்ஸைத் தூக்கி நிறுத்த நல்ல கனமான மரக்கட்டை வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் இருக்கும் என்றார்கள். போனேன். அந்த வீட்டுக்குப் பின்னால் மிளகாய் மூட்டை அடுக்குகிற கொட்டகை. உள்ளே போய்க் கட்டையைத் தேடினால், மூட்டைகளுக்கு அடியில் ஒரு சக்கரம் தெரிந்தது. சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட சக்கரம், ஆனால் கார்ச் சக்கரம். நான் மூட்டைகளைப் புரட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

இரண்டே பேர் உட்காருகிற வண்டி. கூரை கிடையாது, மடக்குகிற துணிக் கூரை இருந்திருக்கிறது, அதை எலி தின்றுவிட்டது. மூக்கு மட்டும் வண்டியில் பாதி நீளம். பானெட்டைத் திறந்தேன். மிளகாய்த் தூள் கிளம்பி மூக்கில் ஏறி, பத்துத் தும்மல் விடாமல் தும்மினேன். கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு உள்ளே பார்த்தால் இரட்டைக் கார்புரேட்டர், ஒரு குழாய்கூடக் களவு போகாமல் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாய் பஸ் இஞ்சினையே பார்த்துப் பார்த்து வெறுத்துப் போன கண் என்னுடையது. அங்கேயே நான் விழுந்துவிட்டேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளைக்கார துரை ஒருத்தன் ஊருக்குப் போகும்போது அதை அந்த நிலக்காரரிடம் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அவர் ஒரு கோடை ஓட்டியிருக்கிறார். மழை பெய்தவுடன் கரிசல் சேற்றில் வயிறுவரை புதைந்து, நாலு மாடு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. அந்த அவமானத்தில் கொட்டகைக்குள் தள்ளியவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது காலம் மாறி, கையில் முன்போல வரும்படி இல்லை. "என்ன வெலைக்குக் குடுப்பீங்க சார்?" என்று கேட்டேன்.

நான் 'சார்' என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் எல்லோரும் அவரை எசமான் என்பார்கள்.

"எந்த ஊருலே நீயி?"

"பாம்பன்."

"மீன்காரனா? ஒனக்கு எதுக்குலே காரு? அங்கன கொண்டுபோயி கருவாடு காயப்போடப் போறியா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆசை பிடித்தவனுக்கு ரோஷம் ஏது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தேன்.

எண்ணூறு ரூபாய் சொன்னார். என்னிடம் இருந்தது முந்நூற்றைம்பது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நான் அங்கேதான். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டாமா, அதற்காகப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராமநாதபுரத்தில் பஸ் பிடித்து, இறங்கி இரண்டு மைல் வெயிலில் நடந்து, கொட்டகையில் குனிந்து சாயங்காலம்வரை வேலை. இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி நாலு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் கைப்பிடி போட்டுச் சுற்றினேன், அசையவில்லை. இன்னும் ஊற்றினேன். சக்கரக் கம்பிகளில் எட்டோ பத்தோ முறிந்திருந்தன. டயர் நாலும் மண். கதவுக்கு அடியில் உள்ளே மரச்சட்டம், அதில் ஒரு பக்கம் கரையான் புகுந்து பஞ்சாக்கியிருந்தது. சீட்டுத் தோல் ஒட்டுக்குக்கூட ஆகாது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் கெட்டது, மறுபக்கம் நல்லது. கெட்டது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிற்று. நல்லது பக்கத்தில் நாலு வரிதான். அந்த நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் நோட்டைக் காட்டினேன். வயசானவர், நல்ல மனுஷர். படித்துவிட்டு மடக்கிக் கொடுத்தார். "ஆசப்படுறது தப்பில்லடா. ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் ஒன் ஆசைக்கு வராது, சீமையிலேருந்து கப்பல்ல வரணும்" என்றார். நான் அவரிடம் தொழில் கணக்குப் பேசினேன். ஓடவைத்துவிட்டால் மதுரையில் மில்காரர்கள் இருக்கிறார்கள், காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூவாயிரத்துக்குக் கொத்திக்கொண்டு போவார்கள், அந்தக் காசில் ராமநாதபுரத்தில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டுவிடலாம். எல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. உண்மை என்னவென்றால் நான் அதில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். முதுகுளத்தூர் ரோட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மத்தியில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு கைப்பிடியைப் போட்டு முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். உள்ளே 'க்ளக்' என்று ஏதோ விட்டது. கால் சுற்று வந்தது. பிறகு அரைச் சுற்று. பிறகு முழுசாய்ச் சுற்றியது. நான் என்னை மறந்து கத்திவிட்டேன். "சுத்துது! சார், சுத்துது!" கொட்டகையிலிருந்து வீட்டு முற்றம்வரை ஓடிப்போய்ச் சொன்னேன். வாங்க வந்தவன் விற்கிறவனிடம் ஓடிப்போய்ச் சரக்கு அருமையான சரக்கு என்று சொல்கிற கூத்து எங்காவது உண்டா? நான் செய்தேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "அப்ப ஓடும்னு சொல்லு" என்றார். அந்தக் குரலை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அய்யாவிடம் சொன்னேன். கார் எப்படிப்பட்டது, இஞ்சின் எப்படிச் சுற்றியது, அதை விற்று எப்படிச் சொந்த ஒர்க்‌ஷாப் போடலாம் எல்லாம் சொல்லிவிட்டு, "கையில பாதிதான் இருக்குய்யா, மீதிக்கு வழியில்ல" என்று நிறுத்தினேன். அவரிடம் காசு கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாய்ச் சொல்லிவருகிறேன். கேட்காமலே கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் விற்கிற மாதிரி என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ரெண்டு பேரு ஒக்கார்றதுக்கு எதுக்குலே இம்புட்டு நீள மூக்கு?" என்று கேட்டார் அய்யா. பிறகு, "நானும் வாரேன். பாத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு அய்யா ரயிலேறி வந்தார். பாம்பன் தீவுக்கு அப்போது ரோடு கிடையாது, ரயில் மட்டும்தான். ராமநாதபுரத்திலிருந்து நான் கூட்டிப்போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் அவரும் தும்மினார். தும்மி முடித்து, வேட்டியை மடித்துக் கட்டி, வள்ளம் வாங்கப் போனால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்க்க ஆரம்பித்தார். முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். தரையில் மல்லாக்கப் படுத்து அடியில் ஊர்ந்து போனார். எனக்கு ஒரே வெட்கம். நிலக்காரரும் ஆட்களும் வந்து நின்று பார்க்கிறார்கள்.

அடியிலிருந்து அவர் வெளியே வரவேயில்லை. கூப்பிட்டேன். "ஏலே, இங்கன வந்து பாரு" என்றார் உள்ளிருந்தே. குனிந்தேன். வண்டியைத் தாங்குகிற சேஸிஸ் இரும்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "எத்தன வருஷமா கெடக்குன்ன?"

"ஏழெட்டு வருஷம்."

"பொத்தல் ஒண்ணுகூட இல்லயேலே."

மற்றவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றலாம். பாம்பனில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் இரும்பு என்றால் இரண்டு வருஷம். உப்புக்காற்று ஆணியைத் தின்னும், கதவுக் கொண்டியைத் தின்னும், புது வாளியை அடுத்த வருஷம் தூக்கினால் அடி கழன்று விழும். அய்யா தம் வாழ்நாளில் துருப்பிடிக்காத பழைய இரும்பைத் தொட்டதே இல்லை. முதுகுளத்தூர்ச் சீமையில் காற்றில் ஈரமே கிடையாது, அங்கே எந்த ஓட்டை வண்டியும் அப்படித்தான் கிடக்கும். அது அவருக்குத் தெரியாது. ஏதோ அதிசயமான உலோகம் என்று நினைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கரையான் தின்ற சட்டத்தையும் நான் காட்டவில்லை. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும்போது நான் இந்தப் பக்கம் ஏதோ காட்டினேன்.

வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, நேராக நிலக்காரர் முன்னால் போய் நின்றார். "எண்ணூறுக்குக் குடுங்க. என் மகன் எடுத்துக்கிருவான்."

"சரி, எடுத்துக்கிடட்டும்" என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே.

அப்போது அய்யா வலது கையை நீட்டினார். எங்கள் கரையில் மீனோ வலையோ வள்ளமோ, விலை பேசி முடித்தால் கைமேல் கை வைத்து அழுத்துவார்கள். அச்சாரம் கிடையாது, சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. கை கொடுத்தாயிற்று என்றால் பொருள் கைமாறியாயிற்று. அதற்கப்புறம் இன்னொருத்தன் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. அய்யா நீட்டிய கையை நிலக்காரர் பார்த்தார். தம் ஆட்களைப் பார்த்தார். வேடிக்கையாக இருந்திருக்கிறது அவருக்கு. விரல் நுனியால் அய்யாவின் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

என் சட்டைப் பையில் முப்பது ரூபாய் இருந்தது. ராமநாதபுரத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். உள்நாட்டில் அச்சாரம் கொடுத்து ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்காமல் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கைமாறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கை பைக்குள் போயும்விட்டது. ரூபாயைத் தொட்டும்விட்டேன். ஆனால் அய்யா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எப்படிச் சொல்ல. கடலில் எனக்கு எதுவும் செய்ய முடியாமல் போன மனுஷர், முதல்தடவையாக எனக்காக ஒரு காரியத்தை முடித்துக் கொடுத்திருக்கிறார். இப்போது நான் ரூபாயை எடுத்து நீட்டினால், உங்கள் கை இங்கே செல்லாது அய்யா என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன மாதிரி ஆகும். கையை வெளியே எடுத்துவிட்டேன். அது பாசமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பாசம் என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது, அதனால் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அய்யா ஒரு துணி முடிச்சைக் கையில் வைத்தார். நானூற்றைம்பது. வள்ளத்தைப் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். புதன்கிழமையே கை கொடுத்தாயிற்றாம்.

"எதுக்குய்யா?" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான்.

"பழைய வள்ளம்லே. பலகை மாத்த நானும் எங்கன போறது? ஒனக்குக் கடை வந்துட்டா எனக்கு எதுக்கு வள்ளம்" என்றார். சிரித்தார்கூட. நான் அந்த முடிச்சை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி, இரண்டு தட்டுச் சோறு தின்றேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் எண்ணூறு ரூபாயோடு போய் இறங்கினால் கொட்டகை வாசலில் லாரி நிற்கிறது. மூட்டையெல்லாம் வெளியே கிடக்கிறது. காரை வெயிலுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். வெயிலில் அதன் பச்சை நிறத்தை அன்றுதான் நான் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து யாரோ பெரிய வீட்டார் ஆயிரத்து நானூறுக்கு முடித்துவிட்டார்களாம். இஞ்சின் சுற்றுகிறது, சேஸிஸில் துரு இல்லை, இரட்டைக் கார்புரேட்டர் முழுசாய் இருக்கிறது என்று என் நாலு வரியையும் நிலக்காரர் அப்படியே ஒப்பித்து விற்றிருக்கிறார். என்னுடைய மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அறுநூறு ரூபாய் கூடுதல் அவருக்கு.

"எங்களுக்குத் தாரேன்னு சொன்னீங்களே சார்!"

"யாருலே சொன்னது?"

"எங்கய்யாகிட்ட கை குடுத்தீங்களே!"

அவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு ஞாபகம் வந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தக் கெழவன் கைய நீட்டுனான், தட்டுனேன். கையத் தொட்டா வித்ததா ஆயிருமாலே? அப்படின்னா இந்நேரம் நான் ஊரையே வித்திருக்கணும். அச்சாரம் குடுத்தியா? சீட்டு வச்சிருக்கியா? எடு பாப்போம்."

நான் என்ன எடுப்பது? அடப்பாவி என்று மனசுக்குள் கத்தினேன். அதற்குள் லாரி ஆட்கள் காரின் முன் விளக்குக் கம்பியில் கயிற்றைக் கட்டி இழுக்கப் பார்த்தார்கள். முறிந்துவிடும். "ஏலே, விடுங்கலே! அங்கன கட்டாதீங்க!" என்று பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். நானே அடியில் புகுந்து அச்சில் கட்டினேன். இறுகியிருந்த பிரேக்கை விட்டுக் கொடுத்தேன். பலகை போட்டு லாரியில் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஆடாமல் இறுக்கிக் கட்டியவன் நான்தான். எனக்குச் சொந்தமில்லாத காருக்கு அடிபட்டால் எனக்கென்ன? தெரியவில்லை. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஏற்றி முடிந்ததும் நிலக்காரர் அஞ்சு ரூபாய் நீட்டினார். மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். 'வாரேன் சார்' என்றும் சொன்னேன். வெட்கம் கெட்ட வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அன்று சாயங்கால ரயிலிலேயே பாம்பனுக்குப் போனேன். பெரியப்பா மகனிடம்தான் முதலில் போனேன், வீட்டுக்குப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர், "சித்தப்பா வந்து ஒரு வார்த்த கேக்கட்டும்டா, நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன். எனக்கு இந்தப் பழசு இல்லாட்டி வேற வள்ளம்" என்றார். நல்ல மனசு. எனக்கு உயிர் வந்தது. ஓடினேன்.

அய்யா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வள்ளம்தான் போயிற்று, வலை அவருடையதுதான். எல்லாம் சொன்னேன். நிலக்காரர் சிரித்ததைச் சொல்லவில்லை. துண்டில் விரலைத் துடைத்ததை அன்றைக்கே அவர் பார்த்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி விடு. வேற வண்டி வரும்" என்றார்.

"வண்டி கெடக்கட்டும்யா. வள்ளத்த வாங்குங்க. அண்ணன் தாரேங்கிறாரு, நீங்க ஒரு வார்த்த கேட்டாப் போதும்."

"கை குடுத்துட்டேன்லே."

"அவன் குடுத்த கைய அவன் காப்பாத்துனானா?"

"அவன் கை அவனுக்கு. நான் எப்படிலே போயிக் கேப்பேன்?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அண்ணன் மனசாரத் தருகிறார், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றேன். அம்மாவும் அழுதாள். அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம். யார்மேல் காட்ட வேண்டிய கோபம், யார்மேல் காட்டினேன் பாருங்கள். "ஒங்க கையாலதான்யா எல்லாம் போச்சு! ஊரு ஒலகம் தெரியாம போயி ஒரு களவாணிகிட்ட கைய நீட்டிக்கிட்டு நின்னீங்க. ஒரு அச்சாரம் குடுத்திருந்தா வண்டி நம்ம வண்டி!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது.

அவர் தம் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியாதுலே. நீ சொல்லிருக்கலாம்ல?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

என் பையில் முப்பது ரூபாய் இருந்தது, எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை அய்யா என்று அப்போது சொல்லியிருக்கலாம். "எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அவர் தலையாட்டினார். அப்படியானால் தம்மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டார். சாகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நானூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தேன், அய்யா வாங்கவில்லை. நானும் இரண்டாவது தடவை நீட்டவில்லை. அந்தக் காசையும் என் காசையும் போட்டு, கொஞ்ச நாளில் ராமநாதபுரத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்தேன். பம்ப் செட், லாரி, எது வந்தாலும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. தன் உழைப்பால் மேலே வந்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்வதில்லை.

பெரியப்பா மகன் இரண்டு பலகையையும் மாற்றி வள்ளத்தைக் கடலில் இறக்கினார். ஆள் பங்குக்கு அய்யாவையே கூப்பிட்டுக்கொண்டார். மரியாதையாகத்தான் நடத்தினார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வள்ளத்தில் வேலை செய்கிற ஆட்கள் எல்லாம் வாலிபர்கள். வலை இழுக்க, பாய் மாற்ற அவர்களுக்குத்தான் தெம்பு. அறுபதைத் தொட்ட ஆளுக்குக் கொடுக்க ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ரயிலேறினால், வள்ளங்கள் கரை திரும்புகிற நேரத்துக்குப் பாம்பன் பாலத்தில் போவேன். காற்றுக்குப் பயந்து ரயில் அங்கே நடைவேகத்தில்தான் நகரும். அப்படி ஒரு சனிக்கிழமை தென்கடல் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். நேர் கீழே எங்கள் வள்ளம் வந்தது. நாலு பேர் நின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அய்யா மட்டும் அடியில் குந்தி உட்கார்ந்து, ஊறி வருகிற தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். முதல்தடவை கடலுக்கு வருகிற பொடியனுக்குக் கொடுக்கிற வேலை அது. ரயில் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சனிக்கிழமை நான் வருவேன் என்று அவருக்குத் தெரியும். நெற்றியில் கை வைத்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வடகடல் பக்கம் உட்கார ஆரம்பித்தேன்.